ஹெல்முட்டும் மரத்தூள் கட்டையும்

செப்டம்பர் 12

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். இந்த வருஷம் விளாசிச் மலையிலிருந்து விறகு லாரி இறங்காது என்று ஏப்ரல் மாதமே காப்பிக் கடையில் நாற்பது பேர் முன்னால் சொன்னேன். கடையில் ஏழு நாற்காலிதான். மற்றவர்கள் நின்றுகொண்டு கேட்டார்கள். நான் சொன்னது கால்பந்தைப் பற்றி என்கிறான் பக்கத்து வீட்டு ரமீஸ். அவனுக்கு ஞாபகம் போய்விட்டது, பாவம்.

மலைப்பாதை சரிந்து கிடக்கிறது. கோடை முடிவதற்குள் தெருப் பக்கச் சுவரோரம் இறவாரம் வரை பீச் மரத்து விறகு அடுக்கியாக வேண்டும். இந்தத் தெருவில் ஒரு வீட்டின் மானமே அதுதான். எங்கள் சுவர் மொட்டையாக நிற்கிறது. அக்கா ஹசிபாவின் மகள் அமெலாவுக்கு நவம்பரில் பிரசவம். தாயும் பிள்ளையும் நாற்பது நாள் எங்கள் கீழறையில்தான் இருக்க வேண்டும். "அந்த ரூம் சில்லுன்னு இருந்துச்சுன்னா, ஃபெஹிம், உன்னத்தான் பொளந்து அடுப்புல வைப்பேன்" என்றாள் அக்கா. சிரிக்கவில்லை.

செப்டம்பர் 15

வழி கண்டுபிடித்துவிட்டேன். மரத்தூள் கட்டை. அறுப்பு ஆலையில் விழும் தூளை இயந்திரத்தில் போட்டு இறுக்கி, கை நீளத்துக்குக் கட்டையாக்குகிறார்கள். ரமீஸ் காப்பியை மூக்கில் விட்டுக்கொண்டான். "மரத்த எரிக்கிறவன் பாத்திருக்கேன், கூட்டித் தள்ளுன குப்பைய எரிக்கிறவன இப்பத்தான்டா பாக்குறேன்."

அக்காவும் தலையை ஆட்டினாள். அதனால் கிராட்ஸ் நகரத்து இன்ஜினியர் ஹெல்முட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. நான் அங்கே கட்டட வேலையில் இருந்தபோது நெருங்கிய சிநேகிதர். அவருடைய இரண்டு மாடி வீட்டுக்குக் குளிர்காலம் முழுக்க இந்தக் கட்டைதான். அக்கா அவர் பெயரை இரண்டு முறை கேட்டாள். பிறகு சரி என்றாள்.

செப்டம்பர் 23

வந்து இறங்கியது. இரண்டு பெரிய அடுக்கு, ஒவ்வொன்றும் ஒரு டன், கட்டுக் கட்டாகப் பிளாஸ்டிக் சுற்றி. பிளாஸ்டிக்குள் விறகு எப்படி மூச்சு விடும்? ஓர் அடுக்கு முழுவதையும் கத்தியால் கிழித்து, காற்றுப் போக இடைவெளி விட்டு, சுவரோரம் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினேன். பள்ளிவாசல் சுவர்கூட அவ்வளவு நேராக இருக்காது. சுவரில் இடம் தீர்ந்ததால் மற்ற அடுக்கு பிரிக்காமல் கொட்டகையில் கிடக்கிறது.

லாரிக்காரன் போகும்போது ஜன்னல் வழியே ஏதோ கத்தினான். வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 24

ரமீஸ் மூன்று முறை தெருவில் நடந்தான். பொறாமை.

அக்டோபர் 2

ராத்திரி பூரா மழை.

காலையில் சுவரைக் காணோம். அதாவது சுவர் இருக்கிறது, கட்டைகளைத்தான் காணோம். ஒவ்வொன்றும் ஊறி, உப்பி, வெடித்து, நொய்க்கஞ்சி மாதிரி தெரு வரை வழிந்திருந்தது. கோழிகள் ஏறிக் கிளறிக்கொண்டிருந்தன. ரமீஸ் மண்வாரியோடு வந்து நின்றான். "தட்டுல பரப்பி, மேல தயிர் ஊத்தி சுடச் சொல்லுடா அக்காவ. பீட்டா பலகாரம் மாதிரி வரும்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கீழறையில் போய்த் தொட்டில் துணியை மறுபடி மடித்து வைத்தாள். ஏற்கெனவே மடித்து வைத்த துணி. ஐயோ ஃபெஹிம், என்ன காரியம்டா பண்ணித் தொலைச்சே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 4

வேலையாக வெளியூர் போய் வந்தேன்.

அக்டோபர் 5

ஹெல்முட் போன் செய்தார். தண்ணீர் மட்டும் ஆகாதாம். பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே கூடாதாம். பீச் விறகு மாதிரி அடுப்பை அடைக்காமல் ஒரு நேரத்துக்கு இரண்டே கட்டை, கட்டை எரியும்போது உப்புமாம். இதெல்லாம் எனக்குத் தெரியும், அவர் ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான்.

கொட்டகை ஒழுகுகிறது. வீட்டிலேயே ஈரம் படாத அறை என்னுடையது. மிச்சமிருந்த கட்டுகளைக் கூரை வரை அங்கே அடுக்கிவிட்டேன். கட்டில் வெளியே போயிற்று. சமையலறை சோபா என்னைவிட ஒரு முழம் குட்டை. அதனாலென்ன, ஹெல்முட்டும் தன் மூன்று மாடி வீட்டில் இப்படித்தான் படுக்கிறார்.

நவம்பர் 19

அமெலா வந்துவிட்டாள். பெண் குழந்தை. மூக்கு என்னுடையது.

வெளியே முழங்கால் பனி. இரண்டு கட்டை போட்டேன். அரை மணியில் அக்கா வந்து ஜன்னலைத் திறந்தாள். நவம்பரில், எங்கள் வீட்டில், ஜன்னல்! "மாமா, இன்னும் ஒண்ணு போட்டீங்கன்னா பிள்ள வெந்துரும்" என்றாள் அமெலா.

நவம்பர் 27

ரமீஸ் குழந்தை பார்க்க வந்தான். கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். அவன் அவசரமாக வாங்கிய பச்சை விறகு அடுப்பில் அழுதுகொண்டே இருக்கிறதாம். போகும்போது வாசலில், யாரும் கேட்காதபடி, "அந்தக் குப்பைய எங்கடா வாங்குன?" என்றான். மூன்று முறை சொல்ல வைத்தேன்.

அக்கா கேட்டாள்: "அந்தக் கிராட்ஸ் மனுசனுக்கு ஒரு சோடி கம்பளிக் காலுறை பின்னித் தரணும். கால் என்ன அளவு?"

என்னுடைய அளவுதான், நாற்பத்து மூன்று என்றேன். வேறு என்ன சொல்வது?

டிசம்பர் 29

நாற்பது நாள் முடிந்தது. அமெலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். என் அறையில் பதினோரு கட்டு மிச்சம். கட்டில் உள்ளே வந்துவிட்டது.

சாயங்காலம் அக்கா காலுறையை என் மடியில் போட்டாள். "கிராட்ஸுக்கு அனுப்பிரு. அதுக்கு முன்ன நீ ஒரு தடவ போட்டுப் பாரு."

போட்டேன். என் இடது கால் பெருவிரல் பக்கத்தில் எலும்பு புடைத்திருக்கும். எந்தச் செருப்பும் அங்கே கடிக்கும். இடது காலுறையில் சரியாக அந்த இடத்தை மட்டும் அகலமாக விட்டுப் பின்னியிருந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் காப்பிப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள். கிராட்ஸில் நான் மூன்று மாதம் செங்கல் சுமந்தேன். என் பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை. அக்டோபர் நான்காம் தேதி பஸ் ஏறி அறுப்பு ஆலைக்குப் போய், அந்த லாரிக்காரன் முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் அவன் சொல்லித் தந்ததுதான்.

ஹெல்முட் என்று யாரும் கிடையாது. காலுறை கதகதப்பாக இருக்கிறது.