என் தெருவுக்கு மட்டும் தடை

2003, மாசி மாதம், ஞாயிறு இரவு.

இன்றைக்குப் பேரன் செல்வத்தின் மாமியார் வந்திருந்தாள். உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"சும்மா சொல்லக் கூடாது அத்தை, மாப்பிள்ளை எங்க அண்ணன் புதுசாத் திறந்த ராட்டினப் பார்க்குக்கு மேல ஏரோப்ளேன்ல மூணு சுத்து வந்தாவ. ரோசாப்பூவாக் கொட்டிட்டாவ!"

செல்வம் பைலட்டுக்குப் படித்து முடித்ததும், நம்ம தெரு மேல ஒரு தடவை பறந்து காட்டுலே என்று நான்தான் முதலில் கேட்டேன். "இங்கன சுத்தித் தீப்பெட்டி ஆபீஸும் பட்டாசுக் கம்பெனியுமா இருக்கு ஆச்சி. தாழப் பறக்கத் தடை" என்றான். என் பேரன் சட்டத்தை மீறமாட்டான் என்று தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

"பார்க்குல அம்புட்டுக் கூட்டம் இருக்குமே. அதுக்கு மேல பறக்க விடுதாங்களா?" என்று கேட்டேன்.

"விடமாட்டாங்கதான். மாப்பிள்ளையே ஒரு மாசமா ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு அனுமதி வாங்கினாவ. உங்ககிட்டச் சொல்லலையா?"

"சொல்லாம இருப்பானா? எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனேன். சீனி போட மறந்துபோச்சு. அவளும் மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

தடை இருந்தால் இருக்கட்டும். எனக்காக ஒரு ஆபீஸ் படியாவது ஏறிக் கேட்டிருக்கலாம். கேட்டேன், கிடைக்கலை ஆச்சி என்று வந்து நின்றிருந்தால் போதுமே.

இனிமேல் ஏரோப்ளேன் சத்தம் கேட்டால் மொட்டை மாடிக்கு ஓடக் கூடாது என்று இருக்கிறேன். கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கணும்.