பெருஞ்சுவரில் ஒரு சிவப்புப் புடவை

அம்மா,

உன் சிவப்புப் புடவை என் நாற்காலியின் மேல் இருக்கிறது. சாயங்காலம் அப்பாவே அதற்கு இஸ்திரி போட்டார். புடவைக்கு இஸ்திரி போட்டு அவருக்குப் பழக்கமில்லை. முந்தானையைத் தரையில் விட்டு, பிறகு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவழியாக முடித்தார். அறை முழுக்கப் பாச்சை உருண்டை வாசனை. அதற்கு அடியில் உன் வாசனை இருக்கிறதா என்று முகத்தைப் புதைத்துப் பார்த்தேன். முதலில் இருப்பது போலிருந்தது. மறுபடி பார்த்தபோது வெறும் சூடான துணி.

அப்பா தூங்கிவிட்டார். விளக்குப் போட்டால் கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும், எழுந்து வந்து என்னவென்று கேட்பார். அவர் கேட்டால் நான் சொல்லிவிடுவேன். அதனால் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன். உன்னிடம் மட்டும் அந்த பாஷையில் நான் பேசியதே இல்லை. ஈரோட்டிலிருந்து அமெரிக்காவில் இந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக் வந்த பிறகும் நீ தமிழை விடவில்லையே.

நாளை விடிகாலையில் அப்பாவின் கேமரா கிளப்காரர்கள் டெலவேர் ஆற்றுப் பக்கம் போகிறார்கள். மரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அங்கே ஒரு பழைய மரப்பாலம் இருக்கிறதாம். அதன்மேல் சிவப்பு உடையில் யாராவது நடந்து போனால் படம் பிரமாதமாக இருக்கும் என்று போன வாரம் தாடி போன் செய்தார். நம்மைச் சீனாவுக்குக் கூட்டிக்கொண்டு போன அதே தாடிதான். அவர் பெயர் உன் வாயில் நுழையாமல் நீ வைத்த பெயர், இன்னும் வீட்டில் அதுதான். அப்பா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அம்மணி, அம்மா புடவையக் கட்டிட்டுக் கொஞ்ச தூரம் நடக்கறயா? மூஞ்சி தெரியாது. முதுகு மட்டுந்தான்."

நான் தலையை ஆட்டினேன். சரி என்று ஆட்டினேனா, மாட்டேன் என்று ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை. அவர் சரி என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தார். நீ போன பிறகு அவர் வாயிலிருந்து பாட்டு வந்தது அப்போதுதான். அதற்கப்புறம் நான் எப்படி மாட்டேன் என்பது?

சீனாவுக்குப் புறப்பட்டபோது உனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். அப்பா தனியாகத்தான் போவதாக இருந்தார். "அங்க போயிச் சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்று நீ கேட்ட கேள்வியில் நாம் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டோம். சின்ன ரைஸ் குக்கரை உன் புதுப் புடவைகளுக்கு நடுவில் சுற்றி வைத்தாய். குழுவில் மற்ற எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள். கேமராவை நிறுத்த ஆளுக்கு ஒரு ட்ரைபாட். ஒரு இடத்தில் இறங்கியதும் ரேஷன் கடை வரிசை மாதிரி எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்திவிட்டு, வெயில் சரியாக வருவதற்காகக் காத்திருப்பார்கள். யாரும் எதையும் சுற்றிப் பார்க்கவில்லை, காத்திருக்கத்தான் அவ்வளவு தூரம் வந்தார்கள் என்று நீ சிரித்தாய்.

முதல் நாள் பெய்ஜிங்கில் அந்த ஏரிக்கரையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பயணத்துக்குச் சௌகரியம் என்று இந்த நெகமம் காட்டன் புடவையைக் கட்டியிருந்தாய். வெள்ளைக் கல்பாலத்தின் மேல் சும்மா நடந்து போனாய். பின்னால் எல்லாக் கேமராக்களும் சடசடவென்று அடித்தன. தாடி ஓடிவந்து உன் கையைக் குலுக்கினார். மறுபடி நடக்கச் சொன்னார். பிறகு ஊர் ஊராக அதே கதை. தினமும் ராத்திரி ஓட்டல் குளியலறையில் இந்தப் புடவையை அலசி, ஏசிக்கு முன்னால் நாற்காலியில் விரித்துவிட்டுத்தான் நீ படுப்பாய்.

"மத்த புடவையெல்லாம் பெட்டிக்குள்ளயே சைனாவச் சுத்திப் பாத்துட்டு வந்துருச்சு" என்று திரும்பி வந்ததும் உன் சிநேகிதி செல்வி ஆன்ட்டியிடம் சொன்னாயே, பக்கத்து வீட்டுச் சுவரே அதிரும்படி அவர் சிரித்தார்.

குவெய்லின் ஊர் ஆற்றில் மூங்கில் தெப்பத்தில் ஒரு கிழவர், மீன் பிடிக்கப் பழக்கிய இரண்டு நீர்க்காகங்களோடு நின்றார். மீன் பிடிக்கவில்லை. படத்துக்காக நின்றார். தாடி அவர் கையில் பணம் வைப்பதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எனக்கும் அந்தத் தாத்தாவுக்கும் ஒரே வேலைதான். அவருக்காச்சும் காசு, எனக்கு வெறுந் தேங்க்யூ" என்று அப்பாவை இடித்தாய். அப்பா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். அந்தக் கிழவரும் உன்னைப் பார்த்து ஏதோ சொன்னார். என்னவென்று நம் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் நீ தலையாட்டினாய், அவரும் ஆட்டினார்.

எந்த ஊரானாலும் கொஞ்ச தூரம் நடந்ததும் நீ திரும்பிப் பார்ப்பாய். ட்ரைபாட் வரிசைக்கு ஓரமாக நான் நிற்கிறேனா என்று. புருவத்தைத் தூக்குவாய், சில நேரம் நாக்கைத் துருத்துவாய். உடனே தாடி கையைக் காற்றில் சுற்றுவார், திரும்பாதே என்று. நீ திரும்பினால் யாரும் பட்டனை அழுத்த மாட்டார்கள். ஃபிலிம் வீணாகிவிடுமாம். உன் முதுகு வரும்வரை காத்திருப்பார்கள்.

பெருஞ்சுவருக்குப் போனது சாயங்கால வெயிலுக்கு. படிகள் செங்குத்தாக இருந்தன. தாடி சொல்லச் சொல்ல நீ ஏறினாய், இறங்கினாய், மறுபடி ஏறினாய். ஒருதரம் பாதியில் படியில் உட்கார்ந்துவிட்டாய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வரிசை முழுக்க ஒரே சந்தோஷம், ஒருவர் விடாமல் படம் எடுத்தார்கள். எனக்கு உன் தோள் மட்டும்தான் தெரிந்தது. அது ஏறி ஏறி இறங்கியது. நான் அப்பாவிடம் ஓடினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு நிமிஷம் அம்மணி, வெயில் போயிரும்" என்றார். அதற்குமேல் நிற்காமல் படியேறி உன்னிடம் வந்தேன். நான் படத்துக்குள் வந்துவிட்டதால் கீழே எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

உன் உதடு வெளுத்திருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தாய். கை அவ்வளவு ஜில்லென்று இருந்தது.

"மூச்சு வாங்குது கண்ணு, அவ்வளவுதான். அப்பாகிட்டச் சொல்லீராத. ஆசையா எடுக்கறாரு, எடுத்துக்கட்டும்."

அப்பா மேலே வந்து சேர்வதற்குள் நீ எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தாய்.

அந்த வருஷக் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி. சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போயிருந்தது என்றார்கள். இதற்கு முன்னால் நடக்கும்போது மூச்சுத் திணறியதா என்று டாக்டர் கேட்டார். நீ இல்லை என்றாய். அப்பா உடனே, சீனப் பெருஞ்சுவரையே ஏறி இறங்கியவள் என்று பெருமையாகச் சொன்னார். நீ கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாய். வாசலில் பனி உருகுவதற்குள் நீ இல்லை.

இந்தக் கோடையில் ஒரு நீள அட்டைக்குழாய் தபாலில் வந்தது. குழுவில் இருந்த ஒருவர் அனுப்பியிருந்தார். அந்தப் படம்தான் அம்மா, நீ படியில் உட்கார்ந்திருக்கும் படம். அப்பா அதற்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். பூஜை அலமாரியில் இருக்கிற உன் படம் டிரைவிங் லைசென்ஸிலிருந்து பெரிதாக்கியது, யாரோ உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிற மாதிரி விழித்திருப்பாய். அதன் பக்கம் அவர் அதிகம் போவதில்லை. தினமும் காலையில் காபியோடு ஹால் படத்தின் முன்னால்தான் நிற்கிறார், டம்ளர் காலியான பிறகும். செல்வி ஆன்ட்டி வந்தால், "எவ்ளோ பீஸ்ஃபுல்லா உக்காந்திருக்காங்க பாருங்கண்ணா" என்பார். "ஆமாங்க, அவ அப்படித்தான்" என்பார் அப்பா.

நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அந்தப் படத்தில் தோள் ஏறி இறங்குவது தெரியும்.

இந்தப் புடவையைக் கட்டப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் அப்பா ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் ஹாலில் அந்தப் படம் இருக்காது. அப்புறம் காலையில் அவர் எங்கே போய் நிற்பார்?

செல்வி ஆன்ட்டி உன் ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். விடிவதற்கு முன்னால் வந்து கட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். முந்தானையில் நீ எப்போதும் ஊக்குக் குத்துகிற இடத்தில் சின்னத் துளை விழுந்திருக்கிறது. அங்கேயே குத்தினால் போதும், அளவெடுக்க வேண்டாம் என்றார். உன் உயரத்துக்கு நான் வந்துவிட்டேனாம்.

சாயங்காலம் கதவைத் தாழிட்டுப் புடவையைச் சும்மா சுற்றிக்கொண்டு, கைக்கண்ணாடியில் என் முதுகைப் பார்த்தேன். நீ நின்றுகொண்டிருந்தாய். கண்ணாடியைக் கட்டிலில் போட்டுவிட்டேன்.

அம்மா, நாளைக்கு அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும்போதும் நீதான் தெரிவாய். அதற்காகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். அவருக்கே அது தெரியுமோ என்னவோ. நான் திரும்பினால் அங்கே நான்தான் இருப்பேன். அவர் முகத்தை அப்போது பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் நான் திரும்பப் போவதில்லை, தாடி கையைச் சுற்ற வேண்டியிருக்காது. திரும்பினாலும் வரிசைக்கு ஓரத்தில் கேமரா இல்லாமல் நிற்பவர்கள் யாரும் இல்லை.

அத்தனை கேமராவில் ஒன்றிலும் நீ திரும்பிய முகம் இல்லை. அது என்னிடம்தான் இருக்கிறது. ஏரிப் பாலத்தில் தூக்கிய புருவம், ஆற்றங்கரையில் துருத்திய நாக்கு, படியில் அந்த வெளுத்த உதடு. நாளைக்கு அதை வைத்துக்கொண்டு பாலத்தின் அந்தக் கோடிவரை நடப்பேன். அவர்கள் போதும் என்று சொல்லும்வரை.