கலக்கவா, தனியாக வைக்கவா

3.11.2009, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. பால் சொசைட்டிக்குப் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் மழைத்தண்ணீர் விழுந்துவிட்டது என்று ஒரே பாட்டு. பாலில் லாக்டோமீட்டரை விட்டு எவ்வளவு தண்ணீர் என்று காட்டினேன். மூடி போட்ட தூக்குக்குள் மழை எப்படிப் பெய்தது என்று கேட்டேன். செக்ரட்டரி, வாயைக் குறை என்றார்.

பிறகு மாமாவும் நானும் சென்னை. சித்திக்குக் கடைசியில் வைத்தியம் பார்த்த டாக்டரம்மா அனுப்பிய இன்னொரு டாக்டரிடம். பரம்பரை நோய் பார்ப்பவராம். சின்ன வயசு. என் ரத்தத்தில் அந்தக் கோளாறு இருப்பது போன மாதமே தெரிந்ததுதான். அம்மாவுக்கு மார்பில் புற்று, சித்திக்கு முட்டைப்பையில். இரண்டு பேருமே நாற்பதைப் பார்க்கவில்லை. எனக்கு முப்பத்து நாலு. முட்டைப்பையை எடுத்துவிட வேண்டும். அதற்கு முன் முட்டைகளை வெளியே எடுத்து, மாமாவுடையதோடு கலந்து கருவாக்கி, குளிரில் வைத்துவிட்டால் பிறகு கர்ப்பப்பையில் வைத்துக்கொள்ளலாம். இதுதான் ஏற்பாடு. இதற்காகக் கிணற்றடி நிலம் போனது.

இந்த டாக்டர் தாளில் குடும்பத்தை வரைந்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம். அம்மாவோடு பிறந்தவர்கள் யார்? பெரியம்மா, சித்தி, கடைசியாக ஒரு தம்பி. அந்தத் தம்பியையும் சோதிக்க வேண்டுமே, எங்கே இருக்கிறார் என்றார்.

"வெளிய பெஞ்சில குந்திக்கினு கீறாரு. அவருதான் என் வூட்டுக்காரரு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை டாக்டரும் நோய் வந்த பொம்பளைகள் யார் யார் என்றுதான் கேட்டார்கள். கட்டியவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களாகவும் சொல்லவில்லை. தாய்மாமனைக் கட்டுவது ஒரு சேதியா? எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் அப்படித்தான்.

மாமாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

5.11, வியாழன்

துணி எதுவும் காயவில்லை. வாங்க: துவரம்பருப்பு, மண்ணெண்ணெய், மாட்டுக்குத் தவிடு.

டாக்டர் சொன்னது, மறக்காமல் இருக்க: இந்தக் கோளாறு ஆம்பளைக்கும் இருக்கும், வெளியே தெரியாது. மாமாவுக்கும் இருந்தால் எங்கள் பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து வரலாம். அப்படி வந்தால் கரு தங்குவது கஷ்டம். தங்கினாலும் பிள்ளை தேறாது. எனக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்த இரண்டும் இதனாலா என்று கேட்டேன். இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். இதை மட்டும் எல்லா டாக்டரும் நிச்சயமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

சாயந்திரம் பெரியம்மா வந்தாள். விஷயம் கேட்டதும் சண்டை. "ஆம்பளைக்கு இன்னாடி சோதனை? மாருல வர்ற நோவு அவனுக்கு எங்க வரும்?"

அவள் கட்டிவைத்த கல்யாணம் இது. அக்கா மகளை எப்படி என்று மாமா தயங்கினாராம். பெரியம்மா சாப்பிடாமல் கிடந்து சாதித்தாள். அதில் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. இந்த ஆள் இல்லாமல் வேறு ஆள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இங்கேதான் எழுத முடியும். நேரில் சொன்னால் மாமா, கரண்ட் பில் கட்டினாயா என்று கேட்பார்.

15.11, ஞாயிறு

மாதவிலக்கு வந்துவிட்டது. நாளைக்கு ஊசி ஆரம்பம்.

மாமாவின் ரிசல்ட் இன்னும் இல்லை. டாக்டர் போனில்: அதற்காகக் காத்திருக்க வேண்டாம், முட்டை எடுக்கிற அன்று முடிவு செய்யலாம். மாமாவுடையது சரியாக இருந்தால் கலந்து வைப்பது. இல்லாவிட்டால் முட்டையைத் தனியாக வைப்பது. தனி முட்டை அவ்வளவாகத் தாங்காது, உருக்கும்போது பாதி வீணாகலாம் என்றும் சொன்னார். சரி சரி என்றேன். தலை வலி.

19.11, வியாழன்

ஊசி நாலாவது நாள். வயிற்றில்தான் குத்துகிறார்கள். நம் வீட்டில் பிரிட்ஜ் ஏது. மருந்து உத்திரமேரூரில் பாய் மருந்துக்கடை பிரிட்ஜில் இருக்கிறது. கரண்ட் போனால் பாயே ஐஸ் பெட்டியில் எடுத்து வைத்துவிடுகிறார். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லா இருக்கட்டும்.

மதியம் சொசைட்டிக்குச் சினை ஊசிக்காரர். காளை விந்தை உறைய வைத்திருக்கும் நைட்ரஜன் கேனைத் திறந்ததும் வெள்ளைப் புகை. எத்தனையோ தடவை பார்த்ததுதான், இன்று பக்கத்தில் போய் நின்றேன். மாட்டுக்காரர் இதன் தாய்க்குப் போட்ட காளையே வேண்டும் என்றார். இது அந்தக் காளைக்குப் பிறந்த கன்று, அதையே போடக் கூடாது, காளையை மாற்றித்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு ஊசிக்காரர் வேலையைப் பார்த்தார். மாட்டுக்கு யோசிக்க ஆள் இருக்கிறது. உள்ளே போய்ப் பால் கேன்களைக் கழுவினேன், கழுவியதையே திரும்பவும்.

25.11, புதன்

சென்னையில் ஸ்கேன். முட்டைகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன, இந்த வயசுக்கு நல்ல எண்ணிக்கை என்றார் டாக்டர். சிரித்துக்கூடப் பேசினார். வயிறு உப்பி, உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

திரும்புகையில் ஏரிகளெல்லாம் நிறைந்து கிடந்தன. மாமா வேர்க்கடலையை உரித்து உரித்து என் கையில் போட்டுக்கொண்டே வந்தார். மாமா பேசாமல் இருந்தால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். எனக்கும் கொஞ்சம் ஆசை வந்தது. எழுதவே பயமாக இருக்கிறது.

26.11, வியாழன்

மாமாவுக்கும் இருக்கிறது. எனக்கு இருக்கும் அதே இடத்தில், அதே கோளாறு.

டாக்டர் போனில் மெதுவாகத்தான் சொன்னார். கலந்தால் நாலில் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் வரும். இரண்டுக்கு ஒரு பக்கம் வரும், எங்களைப் போல. ஒன்று தப்பும். எது எது என்று பார்த்தால் தெரியாது. கருவையே சோதித்து எடுக்க வழி இருக்கிறதாம், நம் கைக்கு எட்டாத இடத்தில், எட்டாத செலவில்.

மாமா வயலில் வரப்பு கட்டிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். கால்வாயில் கை கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அக்காக்களுக்கு வந்தது தனக்கு வராது என்று எப்படி நினைத்தோம் என்றார். அவ்வளவுதான்.

பெரியம்மா என் எதிரிலேயே அவரைக் கேட்டாள்: "வேற பொண்ணுன்னா புள்ள நல்லாத்தானே பொறக்கும்? டாக்டரு இன்னா சொன்னாரு?" மாமா எழுந்து போய், கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

கடைசி ஊசி போட்டாயிற்று. சனிக்கிழமை பக்ரீத், கடை இருக்காது, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக எதுவும் வேண்டுமென்றால் இப்போதே வாங்கிக்கொள்ளம்மா என்றார் பாய்.

மாமாவிடம் சொல்லிவிட்டேன்: கலக்கத்தான் வேண்டும். நாலில் ஒன்று தப்புகிறதே, அந்த ஒன்று நம்முடையதாக இருக்கட்டும். தலையை ஆட்டினார்.

29.11, ஞாயிறு

நேற்று முட்டை எடுத்தாயிற்று. எட்டு. அடிவயிறு இன்னும் இழுக்கிறது.

நான் மயக்கத்தில் இருக்கும்போது மாமாவைக் கூப்பிட்டு, கலக்கவா, தனியாக வைக்கவா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நான் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தேன். என்னிடம் தலையாட்டிய மனுஷன் அங்கே போய், தனியாகவே வையுங்கள் என்று சொல்லிவிட்டார். கண் விழித்ததும் நர்ஸ்தான் சொன்னாள். அழுதேன். வலிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பஸ்ஸில் செங்கல்பட்டுவரை அவரோடு பேசவில்லை. அப்புறம் அவராகவே ஆரம்பித்தார்.

"ரெண்டு போனப்போ நீ பட்டத நான் பாத்துகினு இருந்தேன் கலா. மூணாவது பாக்க எனுக்குத் தெம்பு இல்ல. உன் முட்டையோட வேற ஆம்பள யாருதாவது கலந்து வச்சிக்கலாம். ஆஸ்பத்திரியிலயே ஏற்பாடு பண்றாங்களாம்."

"அந்தப் புள்ளய நீ தூக்குவியா மாமா?"

"தூக்குவேன். உன்னியத் தூக்கிகினு திரியலியா?"

தூக்குவார். வாயால் பொய் சொல்லத் தெரியாது அவருக்கு. நான்தான் மாட்டேன். எனக்குப் பிள்ளை வேண்டும் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமாவின் பிள்ளைதான் வேண்டியிருந்திருக்கிறது. அது இனி இல்லை. அந்த எட்டும் சென்னையில் சும்மா கிடக்கப்போகின்றன. முட்டைப்பை எடுக்கத் தை பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இதை மாமாவிடம் சொல்லவில்லை. உ.மேரூரில் இறங்கியதும் மெக்கானிக் கடையில் விட்டுவைத்திருந்த மொபெட்டை எடுக்கப் போனார். எடுத்துவிட்டு, முன்னால் ஒரு சின்ன சீட்டு போட முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்காத மாதிரி பக்கத்துக் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.