நடு ஓடையில் அப்பா குதிரை ஏறினார்

அன்பு மகள் பிரையனிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அதிலும் உன் அப்பா சுகத்துக்கும் ஒரு படி மேலே. அங்கே நியூஸிலாந்தில் நீயும் மாப்பிள்ளை ரூபர்ட்டும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். கை பரபரக்கிறது, அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை உன் அப்பா குதிரை ஏறிவிட்டார்! பீரங்கிப் படையில் இருபது வருஷத்துக்கு மேல் குதிரை முதுகிலேயே குடியிருந்துவிட்டு, பயிற்சியில் விழுந்து பீரங்கிச் சக்கரம் இடுப்பில் ஏறிய பிறகு ஒரு தடவைகூட ஏறாத அதே மனிதர்தான். எலும்பு எப்போதோ கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லியும் கேட்டாரா? ஊர்க் குதிரைகளுக்கெல்லாம் வண்டி பூட்டுகிற தோல்வார் தைப்பார், உடைந்த சாரட்டைப் புதுசாக்குவார், ஏறு என்றால் மட்டும் "முதுகு பிடிச்சிருக்கு மாரீன்" என்பார். முதுகும் இல்லை ஒன்றும் இல்லை, பயம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மெட்காஃப் வீட்டுக் கொட்டகையில் கோழிகள் அடைகிற பழைய சாரட்டு இருந்ததே, அவர் மகள் ஃபிலிப்பா அதில்தான் கல்யாணத்துக்குப் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அப்பா குளிர்காலம் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டினார். கோழி எச்சத்தைச் சுரண்டி, ஆரக்கால் மாற்றி, கரும்பச்சை பூசி மஞ்சள் கோடு இழுத்து, புதுத் தோல்வார்களை என் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, ஏதோ தளபதி பார்வையிட வருகிற மாதிரி ஒவ்வொரு பித்தளைப் பக்கிளையும் முகம் தெரியத் தேய்த்தார். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். நான் திட்டாத திட்டில்லை.

சனிக்கிழமை மெட்காஃபின் தம்பி ஏர்னி ஓட்டினார், அப்பா சாரட்டுக்குப் பின்னால் தொற்றிக்கொண்டார், நான் காரில் தொடர்ந்தேன். முந்தின நாள் மழை, சர்ச்சுக்கு இந்தப் பக்கம் பாலமில்லாத ஓடை இருக்கிறதே, அது இரு கரை தொட்டு ஓடியது. நடுவில் போனதும் குதிரைகள் மிரண்டு நின்றுவிட்டன. வலது குதிரை ஜெட் பின்னால் தள்ள, சக்கரம் பள்ளத்துப் பக்கம் வழுக்க, உள்ளே ஃபிலிப்பா அலறுகிறாள். ஏர்னி சவுக்கை ஓங்கியதும் "சவுக்கைக் கீழ போடுய்யா, அதுங்களே பயந்து கெடக்குதுங்க" என்று கத்திக்கொண்டு அப்பா தண்ணீரில் குதித்தார். முன்னால் போய் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. இடது குதிரை பிராம்பிளின் கழுத்தில் கையை வைத்தபடி அப்படியே நின்றார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பீரங்கி வண்டியை இடது குதிரை மேல் உட்கார்ந்துதானே ஓட்டுவார்கள்! ஏர்னியைக் கையிலிருந்த கடிவாள வாரைத் தளர்த்தச் சொல்லிவிட்டு ஒரே தாவு, ஏறிவிட்டார் பிரையனி, கல்யாணக் கோட்டும் உயரத் தொப்பியுமாக, சேணம்கூட இல்லாமல்! ஜெட்டின் கடிவாளத்தைக் கையில் பிடித்து, "வாடா கண்ணு, நான் இருக்கேன்ல, வா" என்று பேசிப் பேசியே இரண்டையும் கரையேற்றினார். அங்கேயே இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை! சர்ச் வாசல் வரைக்கும் ராஜா மாதிரி வந்தார். "யோவ் கிளிஃப், இது என் பொண்ணு கல்யாணமா, உன் ஊர்வலமா?" என்று மெட்காஃப் கத்த, சனமெல்லாம் கைதட்ட, நான் ஓடிப்போய் அவருடைய ஈரக் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "காலை விடு மாரீன், நான் எறங்கணும், கைகாலெல்லாம் உதறுது" என்றார். உண்மையிலேயே உதறியது. ஆனால் சிரித்தார், நான் அவரைக் கல்யாணம் கட்டிக்கொண்ட காலத்துச் சிரிப்பு.

இன்று காலை பட்டறையில் புதுத் தோலைப் பரப்பி ஒரு சேணத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன். "எனக்குத்தான்" என்றார், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கியதே தெரியவில்லை.

இரண்டு பேரும் நூறாண்டு சேர்ந்து வாழுங்கள், கடவுள் உங்கள் பக்கம் இருப்பார். அனுப்பிய கம்பளிக் காலுறையைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. விழுந்த நாளிலிருந்து அவர் யாரிடமும் குதிரைக் கதை சொன்னதில்லை, இதை அவர் வாயாலேயே உன்னிடம் சொல்ல வேண்டுமாம். தெரியாத மாதிரி கேள்.

உன் அம்மா,
மாரீன்