அவள் தனியாக இல்லை

கொடியேற்று விழாவுக்காக இன்று காலை மகள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தைப் பினாயில் போட்டுக் கழுவியிருந்தார்கள். அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் அந்த நெடி பட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது உன் கவுனில் அடிக்கும் நெடி. நீ போன பிறகு அதை நான் நுகரவே இல்லை.

ரோஸ் பெல் ஊரில் நமக்கு அடுத்தடுத்த வீடு. உன் சுவரில் சிலுவை, என் சுவரில் முருகன். உனக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று தெரியும். அங்கே என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. கரும்பு வெட்டிவிட்டு வந்து விழுந்தால் போதும் என்றிருந்த காலம்.

உலகச் சண்டை முடிந்த வருஷம், பிள்ளைகளின் கால்களை முடக்கிப்போடும் காய்ச்சல் தீவு முழுக்கப் பரவியது. என் மகளுக்கும் வந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு தனி வார்டின் கதவை மூடிவிட்டார்கள். பெற்றவளுக்கும் அனுமதி இல்லை. என்னைக் கட்டிக்கொள்ளாமல் ஒரு நாளும் தூங்காத பிள்ளை அது.

நான் வேலிக்கு வெளியே பித்துப் பிடித்தவளாய் உட்கார்ந்திருந்தேன். நீ உள்ளேயிருந்து வந்து எட்டத்தில் நின்றாய்.

"லி பா தூசெல், அக்கா. அவ தனியா இல்ல. பொந்தியே பக்கத்துல இருக்கார்."

பொந்தியே என்றுதான் நீ கடவுளைச் சொல்வாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்தவளையே உள்ள விடல. உங்க சாமிக்கு மட்டும் டாக்டர் சீட்டு குடுத்தாரா?"

"கோவிச்சுக்க அக்கா. என்னைய நல்லா கோவிச்சுக்க," என்றாய்.

மறுநாள் கோயில் விபூதியைப் பொட்டலமாக மடித்து வேலிக்குள் நீட்டினேன். உங்கள் பாதிரியார் காதுக்குப் போனால் உன் பாடு என்னவாகும் என்று தெரிந்தும் நீட்டினேன். நீ வாங்கிக் கவுன் பையில் வைத்துக்கொண்டாய். "சாமி முன்னாலயே உள்ள இருக்கார். இது, அம்மா வாசல்ல இருக்கான்னு பாப்பாக்குத் தெரிய," என்றாய்.

வீடு திரும்பியபோது மகளுக்கு ஒரு கால் சூம்பிப் போயிருந்தது. "பக்கத்துல இருந்தவர் இந்தக் காலை ஏன் விட்டார்?" என்று உன்னைக் கேட்டேன்.

"தெரியல அக்கா. நானும் அதைத்தான் அவர்ட்ட கேக்குறேன்."

வேறு யாராவது என்றால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார்கள். நான் அவர்கள் முகத்திலேயே விழித்திருக்க மாட்டேன். நீ என்னோடு உட்கார்ந்து அழுதாய்.

மகள் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவள் அழும்போதெல்லாம் நீ கட்டிலில் வந்து உட்கார்வாயாம். "தள்ளிப் படு, அவருக்கும் இடம் விடு" என்பாயாம். அதனால் அவள் அங்கே ஓரமாகவே படுத்தாளாம். அவளுக்குப் பயம் தெளிந்தது அப்படித்தான்.

உன்னை அடக்கம் செய்த நாளில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கிழவி என் கையைப் பிடித்தாள். உன்னோடு ஆஸ்பத்திரித் துணி வெளுத்தவளாம். "உன் மகளுக்காகத்தானே அவ உள்ள போனா?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் சொல்லித்தான் தெரிந்தது. உனக்கு அந்த வார்டில் வேலையே இல்லை, துணி வெளுக்கும் இடத்தில்தான். உள்ளே போனவர்கள் காய்ச்சல் ஓயும்வரை வெளியே வரக்கூடாது என்பதால் எல்லோரும் ஒதுங்கினார்கள். என் மகளைச் சேர்த்த அன்று நீயாகப் பெரிய நர்ஸிடம் போய் அந்த வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறாய். உன் பிள்ளைகளை உன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு. அந்த நாட்களில் உன் வீடு பூட்டிக் கிடந்ததை நான் பார்த்தேன். ஏன் என்று நினைக்கத் தோன்றவில்லை. என் துக்கம் எனக்கு.

"பயத்துல அவளால வார்டு கவுனுக்குப் பொத்தான் போட முடியல. நான்தான் போட்டு விட்டேன்," என்றாள் கிழவி.

அடுத்த வீட்டிலேயே வாழ்ந்தும் இதைப் பற்றி நீ ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. சொல்லியிருக்கலாம். உன் மேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

நான் இன்றும் கோயிலுக்குத்தான் போகிறேன், காவடிக்கு விரதம் இருக்கிறேன். கடவுள் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் யாரோ தனியாகக் கிடக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் வீட்டில் இருப்புக்கொள்வதில்லை. பயமாகத்தான் இருக்கிறது. போய்விடுகிறேன்.