வேலூருக்குப் போன எக்ஸ்ரேக்கள்

நவம்பர் 19

ஆபீஸ் மெடிக்கல் செக்கப். என் நெஞ்சு எக்ஸ்ரேயில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை. மேலதிகாரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வாஞ்சிநாதன் பாபு, இது கேஸ்தான், வெறும் வாயு" என்றார். இந்தக் கல்கத்தாவில் தலைவலி, கால்வலி, மாமியார் சண்டை எல்லாமே கேஸ்தான். போன குளிர்காலம் முழுக்க நான் இருமியபோதும் அதையேதான் சொன்னார்கள். கூடவே ஒரு குரங்குக் குல்லாயும் வாங்கிக் கொடுத்தார்கள்.

நவம்பர் 23

சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்று. பாலிகஞ்ச் டாக்டர் சொன்ன பெயர் பிராங்கோஜெனிக் சிஸ்ட். அம்மா வயிற்றில் மூச்சுக்குழாய் உருவாகும்போது ஒரு துணுக்கு தனியாக ஒதுங்கி, சளி நிரம்பிய பையாகிவிடுமாம். குழந்தைகளுக்கு மூச்சை அடைத்துச் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். பெரியவர்களிடம் பல சமயம் சத்தம் போடாமல் கிடக்கும். புற்று மாதிரி தெரியவில்லை. ஆனால் சீழ் பிடிக்கலாம், பெரிசாகி அமுக்கலாம். ஊசியால் உறிஞ்சினால் மறுபடி ஊறும், முழுசாக எடுத்துவிடுவதே நல்லது என்கிறார்.

ஐம்பத்துநாலு வருஷம்! கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உள்ளே உட்கார்ந்திருக்கிறது, சனியன்.

பரம்பரை வியாதி இல்லையாம் என்று என் மனைவி ராஜியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "எங்காத்துல யாருக்கும் கிடையாதுன்னா. உங்க அக்காவைக் கேளுங்கோ" என்கிறாள்.

பயமாக இருக்கிறது. நெஞ்சைத் திறப்பார்களா? டாக்டரைக் கேட்கவில்லை.

நவம்பர் 24

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்று: வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போ.

நவம்பர் 26

எதிர்வீட்டு மித்ரா பாபு, "உங்களுக்கென்ன மோஷாய், அது உங்க ஊர்" என்றார். எது என் ஊர்? நான் பிறந்தது டாலிகஞ்ச். வேலூரைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. வருஷா வருஷம் போய்வருகிறவர் அவர்தான்.

நவம்பர் 30

டிக்கெட் எடுத்துவிட்டேன். இங்கேயே ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதை ராஜியிடம்கூடச் சொல்லவில்லை. வேலூர் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். அவ்வளவுதான்.

டிசம்பர் 4

காலையிலிருந்து ஒரே கூட்டம். "போறது போறீங்க, உங்க ஆளுங்ககிட்ட இதையும் ஒரு தடவை காட்டிடுங்க." மித்ரா பாபுவின் பித்தப்பை, மீன்காரர் ஹாருவின் முழங்கால், மருந்துக்கடைக்காரரின் முதுகு. எல்லாம் ஒரே மாதிரி பழுப்பு உறை. நான் என்ன தபால் இலாகாவா?

கீழ்வீட்டு ஷோமா தன் மகள் ஜிம்லியின் எக்ஸ்ரேயைக் கொடுத்தாள். குழந்தைக்கு மூன்று வயது. ஓயாத இழுப்பு. ஆஸ்துமா என்று பஃப் கொடுக்கிறார்கள், கேட்கவில்லை. "காகு, மறந்துடாதீங்க" என்றாள். காகு என்றால் சித்தப்பா. ஜிம்லி குரங்குக் குல்லாய்க்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். அவள் மூச்சு விசில் அடித்தது.

டிசம்பர் 6

ஹவுராவில் ரயில் ஏறினேன். பெட்டி முழுக்கப் பெங்காலிகள், ஆளுக்கொரு எக்ஸ்ரே உறை. நான் தமிழன் என்று தெரிந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். எந்த லாட்ஜ் நல்லது, எந்த டாக்டர் ராசி? எனக்கென்ன தெரியும்! கடைசியில் பர்த்வான் ஸ்கூல் மாஸ்டர் ஒருவர்தான் எனக்கு வேலூரைப் பற்றிப் பாடம் எடுத்தார்.

டிசம்பர் 9

ஆட்டோக்காரரிடம் தமிழில் பேசினேன், பெங்காலியில் பதில் சொன்னார். லாட்ஜ் பலகை பெங்காலி. இட்லி கேட்டேன், மீன் குழம்பு இருக்கிறது என்றார்கள். டாக்டர் அறையில் நுழைந்து "வணக்கம்" என்றால், "பாங்லாய் போலுன், பெங்காலியிலேயே பேசுங்க" என்கிறார். டாக்டர் லாஹிரி, பாலிகஞ்ச்காரர். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அவர் அம்மா இருக்கிறாராம். இதற்கா இத்தனை தூரம்?

என் கதையைச் சொல்லி உறையைக் கொடுத்தேன். ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்க வயசென்ன?"

"ஐம்பத்துநாலு."

"இந்த நெஞ்சுக்கு மூணு வயசுதான் இருக்கும்."

ஜிம்லியுடையது! பையைக் கொட்டினேன். பித்தப்பை, முழங்கால், முதுகு. என்னுடையது மட்டும் இல்லை. ராஜிக்குப் போன் போட்டேன்.

"ஃப்ரிட்ஜ் மேலன்னா இருக்கு! ஊர்ல இருக்கறவா எல்லாரோடதையும் எடுத்துண்டு, உங்களோடதை விட்டுட்டா போவா?"

மறந்தேனா? இல்லை — எனக்கே தெரியவில்லை.

லாஹிரி சிரிக்கவில்லை. "ஒரே வீட்ல ரெண்டு பேருக்கு இந்த சிஸ்ட்னா நம்பவே முடியாது. ஆனா மூச்சுக்குழாய் தள்ளியிருக்கு, பாருங்க. ஆஸ்துமா இப்படித் தள்ளாது. குழந்தைக்கு உடனே சி.டி. எடுக்கணும். ரயில்ல ஏத்தி அலைக்காதீங்க, கல்கத்தாவிலேயே நல்ல குழந்தைகள் சர்ஜன் இருக்காங்க. உங்களோடதையும் அங்கேயே எடுத்துக்கலாமே, எதுக்கு வந்தீங்க?"

உறைகளைப் பொறுக்கிப் பையில் அடுக்கினேன்.

ஷோமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஐயோ, அந்தக் குழந்தை. அவ்வளவு சின்ன நெஞ்சு.

டிசம்பர் 13

கல்கத்தா திரும்பிவிட்டேன். ஜிம்லியின் சி.டி. வந்துவிட்டது. அதே சிஸ்ட்தான்.

டிசம்பர் 17

ஜிம்லிக்கு ஆபரேஷன். வெளியே ஷோமா என் கையை விடவே இல்லை. "இதெல்லாம் சாதாரணம்மா, பயப்படவே கூடாது" என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். நான்! பக்கத்தில் இருந்த ராஜி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மத்தியானம் சர்ஜன் வந்து, முழுசாக எடுத்தாயிற்று என்றார். முதலில் அழுதது ஷோமா இல்லை, நான்தான்.

ஜனவரி 4

ஜிம்லி தானே மாடிப்படி ஏறி வந்தாள். விசில் இல்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தோளுக்குக் கீழே இருக்கும் தழும்பைக் காட்டுகிறாள். எனக்கும் அதே வியாதி என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அவளுக்கு நான் தாது, அதாவது தாத்தா.

"தாது, உன்னோடதைக் காட்டு."

"எனக்கு இன்னும் போடலை."

"ஏன்?"

நான் பேப்பரைப் பிரித்தேன். அடுக்களையிலிருந்து ராஜி, "குழந்தை கேக்கறதோல்லியோ, சொல்லுங்கோ" என்றாள்.

ஜனவரி 6

பாலிகஞ்ச் டாக்டருக்குப் போன் செய்தேன்.

பிப்ரவரி 2

சரஸ்வதி பூஜை. இங்கே அது தை மாசம்தான், எல்லோரும் மஞ்சளில். தெருவில் ஒலிபெருக்கி காதைக் கிழிக்கிறது. சிரித்தால் விலாவில் வலிக்கிறது, மற்றபடி சௌக்கியம். நெஞ்சைத் திறக்கவே இல்லை, சின்னத் துளைகள் வழியாகவே எடுத்துவிட்டார்கள். பரிசோதனை ரிப்போர்ட்டிலும் வெறும் சிஸ்ட்தான், வேறு ஒன்றும் இல்லை. பித்தப்பையைக் காட்டாமல் வந்துவிட்டேன் என்று மித்ரா பாபு இன்னும் பேசுவதில்லை.

மஞ்சள் புடவையைச் சுற்றிக்கொண்டு ஜிம்லி வந்தாள். நேராகக் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, "காட்டு" என்றாள்.

காட்டினேன். கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? என்னோடது பெரிசு."

"பெரிசுதாம்மா" என்றேன்.