உன் அப்பாவின் கரண்டு டாக்சியும் வில்மானும்

லோஹா, அக்டோபர் 19

அன்பு மகள் யஹைராவுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே நான் சுகம், உன் அப்பா தேவைக்கு அதிகமாகவே சுகம், ஏன் என்று கீழே எழுதுகிறேன். நீ முர்சியாவில் வேலை பார்க்கும் வீட்டில் அந்தப் பெரியவருக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு நீ சாப்பிட மறந்துவிடுகிறாயோ என்பதுதான் எனக்குக் கவலை. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறார். பக்கத்துத் தெரு மிரேயா வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இந்தக் காகிதத்தையும் பாலாடைக்கட்டியையும் கொடுத்தனுப்புகிறேன்.

பழைய மஞ்சள் டாக்சியைக் கொடுத்துவிட்டு கரண்டில் ஓடும் டாக்சி வாங்கிய கதை உனக்குத் தெரியும், நீயும்தானே போனில் தூபம் போட்டாய். பழைய வண்டியை இழுத்துப் போன அன்று உன் அப்பா அதன் பானெட்டில் முத்தம் கொடுத்தார், கல்யாணத்தன்று கோவிலில் எனக்குக்கூட அப்படிக் கொடுத்ததில்லை. ஆனால் ஒரே வாரத்தில் மனுஷர் மாறிவிட்டார். புது வண்டியைத் துடைக்கிற துணியை நான் தொடக்கூடாதாம். வண்டிக்குத்தான் சத்தமில்லை, அந்தக் குறையை இவர் வாய் தீர்த்துவைக்கிறது, சந்தைத் தெருவில் கண்ணாடியை இறக்கிவிட்டு "ஓரம் போங்கம்மா, ஓரம்!" என்று கூவிக்கொண்டே போகிறார், வாழைக்காய் விற்க வந்தவர் என்று நினைத்து ஒருத்தி விலை கேட்டாளாம். ஸ்டாண்டில் எல்லோரும் சிரிக்க, எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் உன் ஞானத்தகப்பன் வில்மான்தான். "என்ன செர்வியோ, இஸ்திரிப்பெட்டிய ஓட்டிக்கிட்டு எங்க கிளம்பிட்ட? என் நாலு சட்டையையும் எடுத்துட்டுப் போயேன்!" என்று தினமும் ஒரு தடவை சொல்லாவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது. உன் அப்பா வீட்டுக்கு வந்து ரேப்பே என்கிற நம் வாழைக்காய் சூப்பை உறிஞ்சிக்கொண்டே பதில் யோசிப்பார், மறுநாள் போவதற்குள் மறந்துவிடுவார்.

அப்புறம்தான் டீசல் விலை ஏறியதை எதிர்த்து சாலைகளை மறித்தார்கள். கடற்கரைப் பக்கமிருந்து ஒரு லாரிகூட நம் மலைக்கு ஏறி வரவில்லை, ஐந்தாம் நாள் பங்கில் ஒரு சொட்டு இல்லை, மஞ்சள் டாக்சிகள் எல்லாம் வரிசையாகப் படுத்துவிட்டன. வில்மானின் மனைவி, உன் ஞானத்தாய் ரோசாவுராவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒரு நாள் தவறினால் கால் வீங்கி மூச்சு வாங்கும், உனக்குத் தெரியாததா. வில்மான் வாய் திறந்து கேட்கவில்லை. உன் அப்பா தானாகவே காலையில் அவர்கள் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார், இரண்டு தடவை அழைத்துப் போய் வந்தார். அப்போதாவது வாயை மூடினாரா என்றால் இல்லை, வில்மான் இஸ்திரிப்பெட்டி என்று சொல்வதை நிறுத்திவிட்டாரே என்று வருத்தப்பட்டார்!

மூன்றாவது தடவை போகவேண்டிய காலையில், வண்டிச் சக்கரத்தைத் துடைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு "சாவிய வில்மான்கிட்ட குடு, நீயும் கூடப் போடி, இடது கால ஆட்டக்கூடாதுன்னு சொல்லு" என்று கத்துகிறார். நான் பின்சீட்டில் ரோசாவுராவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வில்மான் முப்பது வருஷ டிரைவர், இல்லாத கிளட்சைத் தேடி இடது காலால் வெறும் தரையை உதைத்துக்கொண்டே வந்தார், சிரிப்பை அடக்க நான் சால்வை நுனியைக் கடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பாலத்துக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. முந்தின நாள்வரை திறந்திருந்த இடம், இப்போது குறுக்கே கல்லும் மரமும் எரிகிற டயரும். பத்துப் பதினைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "எல்லாரும் நின்னிருக்கோம், நீ மட்டும் சவாரி ஓட்டுறியா? காத்தப் பிடுங்கி விடுங்கடா!" என்று ஒருவர் ஆணியோடு டயர்ப் பக்கம் குனிந்தார். ரோசாவுராவின் கை என் கையில் சில்லென்று இருந்தது.

வில்மான் இறங்கினார். "ஐயா, காதை வச்சிக் கேளுங்க, இதுல எஞ்சினே இல்ல. ஒரு சொட்டு பெட்ரோல் யார்கிட்டயும் வாங்கல. வீட்டு பிளக்ல மாட்டி ஓட்டுற வண்டி இது. உள்ள என் பொண்டாட்டி இருக்கா, பத்து மணிக்கு அவ ரத்தத்தச் சுத்தம் பண்ணணும். டயரக் குத்தணும்னா குத்துங்க, ஆனா அப்புறம் அவள நீங்கதான் தூக்கிட்டு நடக்கணும்" என்றார். ஆணிக்காரர் ஜன்னல் வழியே ரோசாவுராவைப் பார்த்தார், ஆணியைச் சட்டைப்பையில் போட்டார். வண்டியின் வயிறு தாழ்வு, கல்லில் இடிக்கும் என்று வில்மான் பதற, அவர்களே கல்லை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டு வழிவிட்டார்கள். ஒரு பெண் வேகவைத்த மக்காச்சோளத்தை ஒரு பையில் போட்டு என் மடியில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இதையெல்லாம் உன் அப்பாவிடம் சொன்னேன். எஞ்சினே இல்லை என்று வில்மான் வாயாலேயே சொன்னதைக் கேட்டதும் இடுப்புவலி பாதி போய்விட்டது. அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அதே கதை, தான் நேரில் நின்று பார்த்ததுபோல. ஆனால் அவரிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது ரோசாவுரா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வில்மான் கண்ணாடியில் அவளையே பார்த்தபடி வந்து, வீடு நெருங்கும்போது மெதுவாகச் சொன்னார், "தங்கச்சி, நாலு வருஷமா என் வண்டில திரும்பி வரும்போதெல்லாம் வழி நெடுக வாந்தி எடுப்பா. வியாதிதான்னு நெனச்சேன். இதுல மூணு தடவை வந்திருக்கா, ஒரு தடவகூட எடுக்கல. என் வண்டிப் புகையா இருந்திருக்கு." உன் அப்பாவிடம் சொன்னால் அதையும் ஸ்டாண்டில் கொண்டுபோய்ப் பெருமையடிப்பார். நீயும் உனக்குள் வைத்துக்கொள்.

சாலை திறந்துவிட்டது, பெட்ரோல் வந்துவிட்டது. வில்மான் வண்டியும் ஓடுகிறது, ஆனால் டயாலிசிஸ் நாளில் அதை வீட்டில் நிறுத்திவிட்டு நம் வாசலுக்கு வந்து சாவி கேட்கிறார். உன் அப்பா ஒவ்வொரு தடவையும் இடது காலைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டுத்தான் கொடுக்கிறார்.

பாலாடைக்கட்டியை ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடு, அந்தப் பெரியவருக்கும் ஒரு துண்டு கொடு. ஞாயிற்றுக்கிழமை ரோசாவுராவுக்கு நீயே போன் செய், உன் குரல் கேட்டால் அவளுக்கு அரைநாள் தெம்பு. கன்னி மரியாள் உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இரண்டு கன்னத்திலும் முத்தங்களுடன்,
உன் அம்மா
லூஸ்மிலா